துண்டுக்கடியில் எட்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை நான் வகுப்பு எடுப்பேன். தலைப்பு, 'நோயாளியிடம் பேசுவது எப்படி'. பேர் பிரிசில்லா, பதினெட்டு வருட சர்வீஸ், அறுவை சிகிச்சை வார்டின் பொறுப்பு நர்ஸ், வாய் கொஞ்சம் நீளம். இந்தத் தகுதிகளைப் பார்த்துத்தான் மேலிடம் என்னைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். நின்றுகொண்டு பேசாதே, உட்கார். கண்ணைப் பார். 'ஒண்ணுமில்ல, சரியாயிடும்' என்று சும்மா சொல்லிவிட்டு நகராதே. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லச் சின்னப் பெண்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்த வகுப்பை எடுக்கிறவள் ஆறாம் பெட்டு மூர்த்தி விஷயத்தில் என்ன செய்தாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மூர்த்திக்கு ஐம்பத்து நாலு வயது. பேரணாம்பட்டுக்காரர். தொண்டையில் புற்று வந்து குரல்வளையை முழுதாக எடுத்தாகிவிட்டது. மூச்சுக்குக் கழுத்தில் ஒரு துளை, சாப்பாட்டுக்கு மூக்கில் ஒரு குழாய், கழுத்தைச் சுற்றிக் கனமாக ஒரு கட்டு. பயிற்சி எடுத்தால் ஒரு மாதிரி பேச வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மூச்சு சீறுகிற சத்தம் மட்டும்தான்.

சேர்க்கை படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'தோல் வேலை' என்று எழுதியிருந்தது. ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் ஆஸ்பத்திரி வைத்தால் பாதிப் பேருடைய படிவத்தில் அதுதான் இருக்கும். தோல் பதனிடுகிற டேனரியில் டிரம் ஓட்டுகிறவரா, ஷூ கம்பெனியில் தைக்கிறவரா, லாரியில் மூட்டை ஏற்றுகிறவரா என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. எதையும் துருவிக் கேட்கிற நானும் இதைக் கேட்கவில்லை.

பேச முடியாதவர்களிடம் வலியைக் கேட்க எங்களிடம் ஓர் அட்டை உண்டு. அதில் வரிசையாக ஆறு முகங்கள். முதல் முகம் வாயெல்லாம் சிரிப்பாக இருக்கும், கீழே சைபர். போகப் போகச் சிரிப்பு குறைந்து, கடைசி முகம் கண்ணீர் விட்டு அழும், கீழே பத்து. வலிக்கு ஏற்ற முகத்தைத் தொட்டுக் காட்டினால் நாங்கள் அந்த எண்ணைச் சார்ட்டில் எழுதுவோம். எண்ணைப் பார்த்து டாக்டர் மருந்து தருவார். மூர்த்தி கேட்கும்போதெல்லாம் சிரிக்கிற முகத்தையே தொட்டார். கழுத்தைக் கிழித்துத் தைத்து மூன்று நாள்கூட ஆகாத மனிதர். நல்ல தைரியசாலி என்று நினைத்துக்கொண்டு சைபர் போட்டோம். சைபருக்கு உரிய சாதாரண மருந்துதான் கிடைத்தது.

இன்னொரு விஷயமும் இருந்தது. பச்சைக்கரை போட்ட ஒரு துண்டு எப்போதும் அவரிடம் இருக்கும். கட்டுக்குப் பக்கத்தில் துணி இருக்கக் கூடாது என்று நானே இரண்டு தரம் எடுத்து அலமாரியில் வைத்தேன். அடுத்த தரம் போகும்போது அது அவர் மடியில் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் நான் போனேன். வகுப்பில் சொல்வதுபோல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, அட்டையை நீட்டினேன். இடது கையால் சிரிக்கிற முகத்தைத் தொட்டார். அதே சமயம் வலது கை துண்டுக்கடியிலிருந்து வந்து என் கையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஐந்து விரலையும் சேர்த்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு விட்டது. பாவம், பயந்திருக்கிறார் என்று அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தேன். "பயப்படாதீங்கய்யா. நாங்க எல்லாம் இருக்கோம் இல்ல" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கடையில் பருப்பு கேட்டவனுக்கு உப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் பார்ப்பானே, அந்தப் பார்வை. எனக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை.

மறுநாள் தமிழினி அழுதுகொண்டு வந்தாள். இருபத்து மூன்று வயது, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். எதற்கும் எளிதில் அழுகிற பெண் இல்லை.

"ஆறாம் பெட்டு என் கைய புடிக்கிறாரு சிஸ்டர்."

"பயத்துல புடிச்சிருப்பாருமா. என் கையைக்கூடப் புடிச்சாரு."

"துண்ட போட்டு மூடிக்கிட்டு புடிக்கிறாரு. ஒரு கை அட்டையில சிரிக்கிற மூஞ்சிய தொடுது. இன்னொரு கை துண்டுக்குள்ள என் கைய அமுக்குது. இழுத்துக்கிட்டேன். மறுபடியும் வெரல புடிச்சாரு சிஸ்டர்."

துண்டால் மூடிக்கொண்டு, சிரிக்கிற முகத்தைத் தொட்டுக்கொண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறு என்ன அர்த்தம் வரும்? அவள் சொன்னதை நான் நம்பினேன். நம்பியது தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவள் கை அவளுக்குப் பிடிக்காமல் பிடிக்கப்பட்டது, அது நிஜம். அதற்குப் பிறகு நான் செய்ததில்தான் கோளாறு.

எல்லாவற்றையும் சட்டப்படி செய்தேன். இனி மூர்த்தியை ஜான்சன் மட்டும் பார்க்கட்டும் என்றேன். ஜான்சன் எங்கள் வார்டின் ஆண் நர்ஸ். மூர்த்தியின் ஃபைலில் 'பெண் ஊழியரிடம் தகாத தொடுதல்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பாக்யலட்சுமியிடம் போனேன். பீடி சுற்றுகிற பெண்மணி. ஆபரேஷன் நாளிலிருந்து வீட்டுக்குப் போகாமல் அங்கேயே கிடந்தார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் எங்க பொண்ணுங்ககிட்ட கொஞ்சம் அப்படி இப்படி நடந்துக்கிறாரு. சொல்லி வைங்க."

நாசூக்காகச் சொல்லிவிட்டதாக எனக்குத் திருப்தி. பாக்யலட்சுமி என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முகம் மட்டும் செத்துப் போயிற்று. எழுந்து உள்ளே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குனிந்து ஏதோ பேசினார், மூர்த்தி அவர் கையைப் பிடித்தார், பாக்யலட்சுமி உதறினார். வெளியே வந்து உட்கார்ந்தவர் அதற்கப்புறம் உள்ளே போகவே இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் சார்ட்டைப் புரட்டினேன். மூர்த்தியின் பல்ஸ் நூற்றுப் பதினெட்டு. லேசான காய்ச்சல். வலி சைபர். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் மனிதருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. இந்த நான்கும் ஓர் ஆளிடம் சேர்ந்து இருக்க முடியாது. இதில் ஏதோ ஒன்று பொய். எது பொய் என்று தெரிகிற வரைக்கும் எனக்கு டீ இறங்காது. சின்ன வயதில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்து அம்மாவிடம் அடி வாங்கிய புத்தி, அது என்னைவிட்டுப் போகவில்லை.

ஜான்சனைக் கூப்பிட்டேன். "வலி சைபர்னு எழுதியிருக்க. மனுஷன் வேர்த்துக் கொட்டுறாரு."

"அட்டையில அதத்தான் தொடறாரு சிஸ்டர்." சொல்லிவிட்டு நகராமல் நின்றான். காது சிவந்திருந்தது.

"இன்னா ஜான்சன்?"

"யாருகிட்டயும் சொல்லாதீங்க. என் கையையும் புடிக்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. மேஜை மேல் கிடந்த பச்சைத் துணியை எடுத்து என் கைமேல் போட்டுக்கொண்டேன். "எப்படிப் புடிச்சாரு? செஞ்சு காட்டு."

"சிஸ்டர்..."

"காட்டுப்பா. நான் உனக்குப் பெரியம்மா மாதிரி."

கையை உள்ளே விட்டான். என் ஐந்து விரலையும் சேர்த்து ஓர் அழுத்து. விட்டான். பிறகு கட்டை விரலை விட்டுவிட்டு மற்ற நான்கையும் சேர்த்து ஓர் அழுத்து. "அவ்ளோதான். அப்புறம் கைய எடுத்துக்கிட்டாரு."

"அப்ப அவரு எங்க பாத்தாரு?"

"எங்கயும் பாக்கல. எதிர்ல காலண்டர் தொங்குது இல்ல, அதப் பாத்துட்டு இருந்தாரு. மூஞ்சில ஒண்ணுமே இல்ல சிஸ்டர்."

தமிழினியைக் கூப்பிட எனக்குத் தயக்கம்தான். ஆனாலும் கூப்பிட்டேன். "மறுபடி கிளறறேன்னு தப்பா நெனைக்காதம்மா. உன் கையில எந்த வெரல புடிச்சாரு?" அவள் தன் இடது கையைத் தானே பிடித்துக் காட்டினாள். முதலில் முழுக் கை. விட்டுவிட்டு மூன்று விரல். சுண்டு விரலும் கட்டை விரலும் சேராது.

"பக்கத்து பெட்டு பாய்கூட பாத்துட்டாரு சிஸ்டர். கண்றாவின்னு மூஞ்சிய சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. எனக்கு அதுதான் ரொம்ப அசிங்கமா போச்சு."

எனக்கு ஐந்து. அவளுக்கு ஐந்தும் மூன்றும். ஜான்சனுக்கு ஐந்தும் நாலும். கெட்ட எண்ணத்தோடு கையைத் தொடுகிறவன் இப்படி விரல் பிரித்துத் தொடுவானா? அதுவும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு? ஜான்சனின் கட்டைவிரலை ஏன் விட்டார், தமிழினியின் சுண்டு விரலை ஏன் விட்டார்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்ட பாய்க்கு என்ன தெரியும் என்று கேட்கத் தோன்றியது.

ஏழாம் பெட்டு முஜாஹித் பாய்க்குக் குடல் ஆபரேஷன். ஒரு டேனரிக்குப் பச்சைத் தோல் கொள்முதல் செய்கிறவர். காலையில் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் அடிமேல் அடி வைத்துக்கொண்டிருந்தார். நானும் கூடவே நடந்தேன்.

"பாய், நேத்து அந்தப் பொண்ணு கைய மூர்த்தி புடிச்சப்ப நீங்க மூஞ்சிய திருப்பிக்கிட்டீங்களாமே."

"ஆமா. துண்டு போட்டாச்சே."

"துண்டு போட்டா?"

"துண்டு போட்டா பாக்கக் கூடாது சிஸ்டர்." சோறு வாயால் சாப்பிட வேண்டும் என்று எனக்கு விளக்குகிற மாதிரி சொன்னார். "உங்களுக்குத் தெரியாதா? அவன் தோல் தரகன். மண்டியில நாங்க வாயால வெல பேச மாட்டோம். கை மேல துண்டப் போட்டு உள்ள வெரல புடிப்போம். எத்தன வெரலோ அத்தன நம்பர். அஞ்சுக்கு மேலன்னா ஒரு தடவ முழுக் கை, விட்டுட்டு மீதி. சுத்தி நூறு பேரு நிப்பான், ஒருத்தனுக்கும் தெரியாது. வெளிய சும்மா சிரிச்சுக்கிட்டு வேற ஏதாச்சும் சொல்லுவோம். நெசமான வெல துண்டுக்குள்ளதான்."

நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை.

"எனக்கும் அவனுக்கும் இருபது வருஷப் பழக்கம். அவன் துண்டுக்குள்ள என் கை போகாத வாரம் கெடயாது. ஆனா அடுத்தவன் கை போறப்ப நான் பாத்ததில்ல. அது மரியாத இல்ல. எனக்கு ஒண்ணுதான் புரியல. நீங்க நர்ஸுங்க எல்லாம் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து அவன்கிட்ட இன்னா வாங்குறீங்க?"

"வலி எவ்ளோன்னு கேட்டோம் பாய். பத்துக்கு எத்தனைன்னு."

சிரித்தார். தையல் இழுத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு சிரிப்பு நின்றது. "என் எதிர்லயா கேட்டீங்க?"

"ஆமா."

"நான் வாங்குறவன். அவன் விக்கிறவன். அவனுக்குத் தொண்ட போச்சுன்னு ஏற்கெனவே மண்டி பூரா பேச்சு. இதுல வலி இவ்ளோன்னு என் எதிர்ல வெரல காட்டுவானா? காட்டினா அவ்ளோதான், மூர்த்தி முடிஞ்சான்னு ஆயிடும். எங்க தொழிலுக்குத் தொண்ட எதுக்கு சிஸ்டர்? கை போதும். அது அவனுக்குத் தெரியும். மத்தவனுக்குத் தெரியணும் இல்ல?"

ஐந்து. எட்டு. ஒன்பது. மூன்று நாளாக அந்த மனிதர் ஒழுங்காகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அட்டையில் தொட்டது பக்கத்துப் பெட்டுக்கு, துண்டுக்குள் அழுத்தியது எங்களுக்கு. ஐந்து என்று என்னிடம் சொன்னபோது தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். எட்டு என்று சொன்னதற்கு ஃபைலில் எழுதி வைத்தேன். எனக்கு என்மேலேயே எரிச்சலும் வெட்கமும் ஒன்றாக வந்தது.

உள்ளே போகும் வழியில் பாக்யலட்சுமி உட்கார்ந்திருந்தார். இந்தத் தரம் குரலைத் தாழ்த்தவில்லை.

"அம்மா, நேத்து நான் சரியா சொல்லல. அவரு இன்னா பண்ணாருன்னா, துண்டப் போட்டு நர்ஸ் கையில வெரல அமுக்கினாரு. அவ்ளோதான்."

"துண்டப் போட்டா?"

"ஆமா."

அவர் என்னையே பார்த்தார். "அதயா அப்படி இப்படின்னு சொன்னீங்க? அது அவரு தொழிலாச்சே. கண்ணாலம் ஆன நாள்லருந்து பாக்கறேன். இன்னா பண்ணாருன்னு நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நானே சொல்லியிருப்பேனே."

"தப்புதாம்மா."

"நான் அவர இன்னா கேட்டேன் தெரியுமா? இந்த நெலமையிலயும் உனக்கு இந்தப் புத்தியான்னு கேட்டேன். பதில் சொல்ல வாயில்லாத மனுஷன. சொல்றதுக்குத்தான் என் கையப் புடிச்சிருக்காரு. நான் உதறிட்டு வந்துட்டேன்."

அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். இருவரும் உள்ளே போனோம்.

மூர்த்தி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பார்த்ததும் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். துண்டு தலையணைக்குக் கீழே மடித்துச் சொருகியிருந்தது. முஜாஹித் பாய் திரும்பி வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். தமிழினி டிரெஸ்ஸிங் வண்டியோடு கொஞ்சம் தள்ளி நின்றாள். அவளிடமும் ஜான்சனிடமும் இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். துண்டை உருவி என் கைமேல் போட்டு நீட்டினேன். "ஐயா, இப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. எவ்ளோன்னு சொல்லுங்க."

அவர் கை வரவில்லை. இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் நீட்டினேன். தலையை ஆட்டினார். என்னைத் தாண்டி வண்டி பக்கம் பார்த்து, தமிழினியை நோக்கி இரண்டு கையையும் கூப்பினார். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேக்கறாங்க இல்ல, சொல்லு" என்றார் பாக்யலட்சுமி.

மூர்த்தி காலண்டரைப் பார்த்தார். பிறகு வலது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினார். ஐந்து விரலையும் விரித்தார். மூடினார். நான்கு விரலைக் காட்டினார். பன்னிரண்டு பெட்டு வார்டில், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க. நான் சார்ட்டில் எழுதி முடிக்கிற வரைக்கும் அவர் கையை இறக்கவில்லை. பாக்யலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். தையலுக்கு உள்ளே சீழ் கட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். அன்றைக்கே திறந்து வடித்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பெரிய பேஜார் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். சரியான மருந்து ஏறியதும் மூர்த்தி தூங்கினார். ஐந்து நாளில் அதுதான் முதல் தூக்கம் என்று நினைக்கிறேன்.

ஃபைலில் நான் எழுதிய வரியின் மேல் கோடு போட்டு, நடந்ததை நடந்தபடி கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அவரிடம் போய், நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன், அவர் மனைவியிடம் அரைகுறையாகச் சொன்னதும் நான்தான், மன்னிக்க வேண்டும் என்று நேராகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கையை லேசாக ஓர் அசைப்பு அசைத்தார். போனது போகட்டும் என்பதுபோல.

விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதன்பிறகு யார் வலி கேட்டாலும் மூர்த்தி கையை வெளியே நீட்டி விரலைக் காட்டினார். மூன்று. அப்புறம் இரண்டு. அப்புறமும் இரண்டு. வகுப்பில் சொல்ல நல்ல உதாரணம் கிடைத்த சந்தோஷம்கூட எனக்கு வந்துவிட்டது. பாக்யலட்சுமிதான் ஒரு தரம் குறைப்பட்டுக்கொண்டார்.

"துண்ட எடுத்துத் தோள்ல போட்டா கீழ தள்ளி வுடறாரு சிஸ்டரம்மா. வாணாங்கிறாரு. மண்டிக்குப் போயி இன்னா பண்ணப் போறாருன்னு எனக்கு பயமா இருக்குது."

எனக்கும் உள்ளே ஏதோ குறுகுறுத்தது. ஆனால் எண் இறங்கிக்கொண்டிருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டேன். நர்ஸுக்கு எண் இறங்கினால் பாதிக் கவலை போய்விடும்.

எட்டாம் நாள் தமிழினி சார்ட்டோடு என் மேஜைக்கு வந்தாள். அவளை மூர்த்தி பக்கம் போகச் சொல்லி நான் சொல்லவில்லை. வேண்டுமானால் போகலாம், வேண்டாமென்றால் ஜான்சன் இருக்கிறான் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"ஆறாம் பெட்டு ரெண்டு காட்டுறாரு சிஸ்டர். பல்ஸ் நூத்தி ஆறு."

"சீழ் எடுத்த எடம், கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

"இல்ல சிஸ்டர். அது வெளிய காட்டுற வெல."

பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். பதினெட்டு வருட சர்வீஸுக்கு எட்டாத விஷயம் எட்டு மாத சர்வீஸுக்கு எட்டியிருந்தது. அவர் எங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது சந்தைக்குச் சொல்கிற எண். உள்ளே சொல்கிற எண்ணை நாங்கள் அன்றைக்கே தொலைத்துவிட்டோம். இனி எங்களிடம் துண்டுக்குள் கையை நீட்டினால் என்ன பேர் கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்துபோயிருந்தது.

தமிழினி வார்டுக்குள் போனாள். நான் வாசலில் நின்றேன். அலமாரியைத் திறந்து பச்சைக்கரைத் துண்டை எடுத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஐயா, அன்னிக்கு எனக்குத் தெரியல. பயந்துட்டேன். அதுக்கு உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. இப்ப தெரியும். நானேதான் கேக்கறேன்."

துண்டைத் தன் கைமேல் போட்டு நீட்டினாள்.

மூர்த்தி அவளைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். பாக்யலட்சுமி, "பொண்ணு எவ்ளோ நேரம் கைய நீட்டிக்கிட்டு இருக்கும்?" என்றார். அப்போதும் அவர் கை நகரவில்லை. தமிழினியின் கை கொஞ்சம் வலித்திருக்கும். முழங்கையை மெத்தையில் ஊன்றிக்கொண்டாள், எடுக்கவில்லை. நான் போய் ஏதாவது சொல்லலாமா என்று இரண்டு தரம் தோன்றியது. வாயை மூடிக்கொண்டு நிற்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கடைசியில் போர்வை அசைந்தது. அவர் கை துண்டுக்குள் போயிற்று. முகம் எதிரே சுவர்ப் பக்கம் திரும்பி வெறுமையாக ஆனது. துணி ஒரு தரம் அசைந்தது, அடங்கியது, மறுபடி அசைந்தது. தமிழினியும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

கையை எடுத்தாள். துண்டை உதறி மடித்து அவர் தோளில் போட்டாள். அவர் தள்ளிவிடவில்லை. வாசலுக்கு வந்து சார்ட்டில் எழுதினாள், மூடினாள், மருந்து எடுக்கக் கிளம்பினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"எவ்ளோம்மா?" என்றேன்.

அவள் திரும்பி ஏழாம் பெட்டில் விழித்துப் படுத்திருந்த பாயைப் பார்த்தாள். மூர்த்தியும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பறமா சொல்றேன் சிஸ்டர்."

மூர்த்தி துண்டைத் தோளில் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வார்டுக்குப் பொறுப்பு நான், எனக்கே எண் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறாள் அந்தப் பெண். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.